கடிதம் காணாமல் போகக் கூடாது!
மின்னஞ்சலுக்கு விதி எழுதிய ஜான் போஸ்டல்

அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினால் ஆவடிக்கு நடுவே இரண்டு நிலையங்கள்தான். திருமுல்லைவாயல் ஒன்று. அண்ணனூர் ஒன்று. மின்னஞ்சல் கடிதம் அதைவிட வேகமானது. கண் மூடித் திறப்பதற்குள் ஆவடிக்குப் போய்விடும்.

சில சமயம் போய்ச் சேராது. போன வேகத்திலேயே திரும்பி வந்துவிடும். கூடவே 550 என்று ஓர் எண் இருக்கும். பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருக்கும்.

அதைப் பார்த்ததும் பலருக்கு எரிச்சல் வரும். கம்ப்யூட்டர் கெட்டுப் போய்விட்டது என்று நினைப்பார்கள்.

கெடவில்லை. அது ஒழுங்காக நடந்துகொள்கிறது!

பொறுப்பேற்ற கடிதத்தை உரியவரிடம் சேர்க்க வேண்டும். சேர்க்க முடியாவிட்டால் அனுப்பியவருக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் தொலைத்துவிடக் கூடாது. இது 1982-ம் ஆண்டில் எழுதி வைத்த விதி.

எழுதியவர் ஓர் அமெரிக்கர். நீண்ட தாடி வைத்தவர். காலில் செருப்பு மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனவர். அவர் பெயர் ஜான் போஸ்டல்.

போஸ்டல் என்றால் நம் ஊரில் தபால் இலாகா நினைவுக்கு வரும். அவர் பெயரின் இங்கிலீஷ் எழுத்து சற்று வேறு. ஆனாலும் பெயர்ப் பொருத்தம் பிரமாதம்! உலகத்தின் மின்சாரத் தபாலுக்கே அவர்தான் சட்டம் எழுதினார்.

பிறப்பும் படிப்பும்

அமெரிக்காவில் காலிபோர்னியா மாகாணம் இருக்கிறது. அங்கே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை அடுத்து ஆல்டடீனா என்ற ஊர் உண்டு. அந்த ஊரில் 1943-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி போஸ்டல் பிறந்தார்.

வான் நைஸ் என்ற இடத்தில் உள்ள உயர்நிலைப் பள்ளியில் படித்தார். அதே பள்ளியில் படித்த இன்னும் இரண்டு பேர் பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்றார்கள். ஒருவர் வின்ட் செர்ப். இன்னொருவர் ஸ்டீவ் குரோக்கர். இன்டர்நெட் என்ற கம்ப்யூட்டர் வலையை உருவாக்கியவர்களில் இந்த மூவரும் முக்கியமானவர்கள். ஒரே பள்ளியில் இருந்து மூன்று பேர்!

பிறகு போஸ்டல் லாஸ் ஏஞ்சல்சில் உள்ள காலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1966-ம் ஆண்டில் என்ஜினீயரிங் பட்டம் பெற்றார். 1968-ம் ஆண்டில் எம்.ஏ. முடித்தார். 1974-ம் ஆண்டில் கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

இரண்டே எழுத்து!

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர்கள் பீரோ பீரோவாக இருக்கும். ஓர் ஊர்க் கம்ப்யூட்டருக்கு இன்னோர் ஊர்க் கம்ப்யூட்டரைத் தெரியாது. அவற்றைக் கம்பி மூலம் இணைக்க அமெரிக்க ராணுவ இலாகா பணம் கொடுத்தது. அந்த வலைக்கு ஆர்பாநெட் என்று பெயர்.

வலையின் முதல் முடிச்சு, போஸ்டல் வேலை செய்த பல்கலைக்கழகத்தில்தான் போடப்பட்டது. அப்போது அவருக்கு வயது 26.

1969-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி முதல் செய்தி புறப்பட்டது. லாகின் என்ற சொல். இங்கிலீஷில் ஐந்து எழுத்து. ஐநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினார்கள்.

முதல் எழுத்து போயிற்று. இரண்டாவது எழுத்தும் போயிற்று. அதோடு எதிர்முனைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது! சுமார் ஒரு மணி நேரம் கழித்துத்தான் சரிசெய்ய முடிந்தது.

வலையைக் கட்டினால் மட்டும் போதாது. இரண்டு கம்ப்யூட்டர்களும் எப்படிப் பேச வேண்டும் என்று விதி வேண்டும். பேச்சு நடுவில் நின்றால் என்ன செய்வது என்றும் விதி வேண்டும். அந்த விதிகளை எழுதுவதே போஸ்டலின் வாழ்க்கை வேலை ஆயிற்று.

கணக்குப்பிள்ளை

வலையைப் பற்றிய யோசனைகளை வாலிபர்கள் குறிப்பு எழுதிச் சுற்றுக்கு விட்டார்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு நம்பர். முதல் குறிப்பை 1969-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் எழுதியவர் ஸ்டீவ் குரோக்கர். குறிப்புகளைத் திருத்தி, ஒழுங்குபடுத்தி, வெளியிடும் பொறுப்பைப் போஸ்டல் ஏற்றுக்கொண்டார். சாகும் வரை அதை விடவில்லை. அதற்குள் குறிப்புகளின் எண்ணிக்கை இரண்டாயிரத்து நானூறைத் தாண்டிவிட்டது!

இன்னொரு வேலையும் அவரிடம் வந்து சேர்ந்தது. கம்ப்யூட்டருக்குப் பல வாசல்கள் உண்டு. கடிதம் வருவதற்கு ஒரு வாசல். கோப்பு வருவதற்கு ஒரு வாசல். எந்த வாசலுக்கு எந்த நம்பர் என்று ஒருவர் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் குழப்பம்தான்.

1972-ம் ஆண்டு மே மாதம் எழுதிய ஒரு குறிப்பில், அந்தக் கணக்கைத் தாமே வைத்துக்கொள்ளலாமா என்று போஸ்டல் கேட்டார். யாரும் மறுக்கவில்லை. அன்று முதல் நம்பர் கேட்பவர்கள் அவரிடம் வந்தார்கள். அவர் பட்டியலைப் பார்ப்பார். காலியாக உள்ள நம்பரைக் கொடுப்பார். எழுதி வைத்துக்கொள்வார்.

சர்வர் கடிதம் வாங்கும் வாசலுக்கு நம்பர் 25. இன்றைக்கும் அதே 25-தான்!

வேண்டாத கடிதம்

1971-ம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்ற என்ஜினீயர் ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கடிதம் அனுப்பிக் காட்டினார். ஆளின் பெயருக்கும் கம்ப்யூட்டரின் பெயருக்கும் நடுவில் வால் சுழித்த இங்கிலீஷ் ஏ எழுத்தைப் போட்டவர் அவர்தான். மின்னஞ்சல் விலாசத்தில் இன்றும் அந்தக் குறி இருக்கிறது.

கடிதம் பெருகியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. போஸ்டலுக்கு மட்டும் ஒரு கவலை.

வேண்டாத செய்தி வந்து குவிந்தால் என்ன செய்வது? அன்றைய ஆர்பாநெட்டில், வாசலிலேயே மறுத்து அனுப்ப வழி கிடையாது. எல்லாவற்றையும் வாங்கிப் படித்துப் பார்த்துத்தான் தள்ள வேண்டும். இந்தக் குறையைப் போஸ்டல் 1975-ம் ஆண்டு நவம்பரில் ஒரு குறிப்பாக எழுதினார். அதன் நம்பர் 706.

மூன்று ஆண்டு கூட ஆகவில்லை. 1978-ம் ஆண்டு மே மாதம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனைக்காரர், தம் கம்பெனியின் புது எந்திரங்களைப் பற்றி நூற்றுக்கணக்கானவர்களுக்கு விளம்பரக் கடிதம் அனுப்பினார். யாரும் அதைக் கேட்கவில்லை. உலகின் முதல் குப்பை மின்னஞ்சல் என்று அதைச் சொல்கிறார்கள்.

இரண்டு சர்வர்களின் பேச்சு

1977-ம் ஆண்டில் போஸ்டல் தென் காலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் விஞ்ஞான நிலையத்தில் சேர்ந்தார். கடைசி வரை அங்கேதான் உத்தியோகம். 1981-ம் ஆண்டு செப்டம்பரில், வலை முழுவதற்கும் அஸ்திவாரமான விதிகள் அவர் தொகுத்து வெளிவந்தன. 1982-ம் ஆண்டு ஆகஸ்டில் மின்னஞ்சல் விதி வெளிவந்தது. அதன் நம்பர் 821.

விதி மிக எளிமையானது. படிக்காதவருக்கும் புரியும்.

ஓட்டலில் சாப்பாடு கொண்டு வருபவரைச் சர்வர் என்கிறோம். கம்ப்யூட்டர் உலகிலும் சர்வர் உண்டு. கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்கும் கம்ப்யூட்டருக்குச் சர்வர் என்று பெயர். கடித வேலை பார்ப்பது மெயில் சர்வர்.

ஒரு சர்வர் இன்னொரு சர்வரின் 25-ம் நம்பர் வாசலைத் தட்டும். உள்ளே இருப்பது 220 என்று சொல்லும். தயார் என்று பொருள். வந்த சர்வர் தன் பெயரைச் சொல்லும். உள்ளே இருப்பது 250 என்று சொல்லும். சரி என்று பொருள்.

பிறகு யார் அனுப்பிய கடிதம் என்று வந்தவர் சொல்வார். 250. யாருக்குக் கடிதம் என்று சொல்வார். அப்படி ஓர் ஆள் இருந்தால் 250. இல்லாவிட்டால் 550!

இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. கடிதத்தை வாங்குவதற்கு முன்பே, அந்த ஆள் இங்கே இல்லை என்று வாசலிலேயே சொல்லிவிடலாம். மறுக்க வழி இல்லையே என்று 1975-ம் ஆண்டில் கவலைப்பட்டவர், இந்த விதியில் மறுப்புக்கு வழி வைத்தார்.

ஆள் இருந்தால் 354 வரும். கடிதத்தைப் படிக்கலாம் என்று அர்த்தம். கடிதம் முடிந்ததும், தனி வரியில் ஒரே ஒரு புள்ளி. மறுபடி 250 வரும்.

அந்தக் கடைசி 250-தான் முக்கியம். அதைச் சொல்லிவிட்டால், கடிதத்தின் பொறுப்பு வாங்கிய சர்வர் தலையில் விழுந்துவிடும். பிறகு சேர்க்க முடியாமல் போனால், அனுப்பியவருக்குக் காரணம் எழுத வேண்டும். ரிஜிஸ்தர் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்குவது போலத்தான்.

எண்ணுக்குள்ளே சேதி

மூன்று இலக்க எண்களைப் போஸ்டல் கண்டபடி போடவில்லை. முதல் இலக்கத்தைப் பார்த்தாலே பாதி சேதி தெரிந்துவிடும்.

2-ல் தொடங்கினால் வேலை நடந்தது.

3-ல் தொடங்கினால் மேலே சொல்லு என்று பொருள்.

4-ல் தொடங்கினால் இப்போது முடியாது, பிறகு வா.

5-ல் தொடங்கினால் முடியாது. இப்படியே மறுபடி வந்தாலும் பயன் இல்லை.

தபால்காரர்கள் செய்வதும் இதுதானே? வீடு பூட்டியிருந்தால் மறுநாள் வருவார்கள். விலாசதாரர் இல்லை என்றால் அப்படியே எழுதித் திருப்பி அனுப்புவார்கள். முன்னது நாலாம் வகை. பின்னது ஐந்தாம் வகை.

ஆள் வீடு மாறிவிட்டால்? அதற்கும் போஸ்டல் எண் வைத்தார். புது விலாசம் தெரியும், நானே அனுப்பிவிடுகிறேன் என்றால் 251. புது விலாசம் இது, நீயே அங்கே கொண்டுபோ என்றால் 551.

திரும்பி வந்த கடிதத்தைத் திருத்தும் வித்தை முழுவதும் இந்த எண்ணில் அடங்கியிருக்கிறது.

அம்பத்தூர் பட்டறைக்கு வந்த 550

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். ஆவடியில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு விலைப்பட்டியல் அனுப்ப வேண்டும். மாலை 5 மணிக்குள் போனால்தான் ஆர்டர். கடிதம் திரும்பி வந்துவிட்டது.

பட்டறைக்காரர் முதலில் எண்ணைப் பார்க்க வேண்டும்.

எண் 450 அல்லது 451 என்றால் பதற வேண்டாம். எதிர்ச் சர்வருக்கு வேலை அதிகம். அல்லது புதிய ஆளைக் கொஞ்சம் காக்க வைத்துப் பார்க்கிறது. பட்டறையின் சர்வர் தானாகவே மறுபடி மறுபடி முயலும். பொதுவாக நாலைந்து நாள் வரை விடாமல் முயலும். ஆனால் 5 மணிக்குள் போயாக வேண்டும் என்றால் டெலிபோனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

எண் 550 என்றால் பக்கத்தில் உள்ள சின்ன எண்ணையும் பார்க்க வேண்டும். புள்ளி வைத்த மூன்று எண்கள் இருக்கும். இவை 1996-ம் ஆண்டில் சேர்க்கப்பட்டவை. 5.1.1 என்றால் ஆள் பெயர் தவறு. பூந்தமல்லி என்று எழுதுவதற்கே இங்கிலீஷில் பல வழி உண்டு. ஆள் பெயரில் ஓர் எழுத்து மாறினால் கேட்க வேண்டுமா? எழுத்தைச் சரிபார்த்தால் போதும்.

5.2.2 என்றால் அங்கே பெட்டி நிரம்பிவிட்டது. 552 என்ற எண்ணும் பெரும்பாலும் இதைத்தான் சொல்லும். அல்லது கடிதம் அளவுக்கு மீறிப் பெரிசு. படங்களைக் குறைத்து அனுப்பலாம்.

5.7 என்று தொடங்கினால் விஷயம் வேறு. ஆள் இருக்கிறார், பெட்டியில் இடமும் இருக்கிறது. ஆனால் அனுப்பியவர் மீது சந்தேகம்! எதனால் சந்தேகம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இன்னொரு தடயமும் உண்டு. கடிதத்தைத் தொடும் ஒவ்வொரு சர்வரும் தலைப்பில் தன் பெயரையும் நேரத்தையும் எழுத வேண்டும் என்பது போஸ்டல் விதி. ஒவ்வொரு தபால் ஆபீசும் முத்திரை குத்துவது போல. புது முத்திரை மேலே விழும். ஆகவே கீழே இருந்து மேலே படித்தால், கடிதம் எந்த வழியாக வந்தது, எங்கே எத்தனை நேரம் தங்கியது என்பது தெரிந்துவிடும்.

பந்து விளையாட்டு

போஸ்டல் இன்னோர் ஆபத்தையும் யோசித்தார்.

கடிதம் சேரவில்லை என்று ஒரு சர்வர் பதில் எழுதுகிறது. அந்தப் பதிலும் சேரவில்லை. உடனே எதிர்ச் சர்வர், உன் பதில் சேரவில்லை என்று எழுதுகிறது. அதுவும் சேரவில்லை. இப்படியே போனால்? இரண்டு சர்வர்களும் பந்து விளையாடிக்கொண்டே இருக்கும். வலையே அடைத்துப் போகும்!

இதற்கு அவர் கண்ட பரிகாரம் அழகானது. சேரவில்லை என்று எழுதும் கடிதத்தில் அனுப்பியவர் விலாசத்தைக் காலியாக விட்டுவிடு என்றார். விலாசம் காலி என்றால், அதற்குப் பதில் எழுத முடியாது. பந்து நின்றுவிடும்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் திரும்பி வரும் கடிதம் இப்படித்தான் வருகிறது.

இந்தியாவின் முகவரி

கம்ப்யூட்டர்கள் பெருகியபோது பெயர்ப் பட்டியல் பெரிதாகிவிட்டது. பெயர்களைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கையாள ஒரு முறை வேண்டும். அந்த வேலையைப் பால் மொகபெட்ரிஸ் என்ற நிபுணரிடம் போஸ்டல் ஒப்படைத்தார். 1983-ம் ஆண்டில் புது முறை பிறந்தது.

நம் தபாலில் பின்கோடு வேலை செய்வது போலத்தான். 600053 என்றால் அம்பத்தூர். 600054 என்றால் ஆவடி. 600056 என்றால் பூந்தமல்லி. எண்ணைப் பார்த்ததும் எந்தத் தபால் ஆபீசு என்று தெரிகிறது. அதுபோலக் கம்ப்யூட்டர் பெயரின் கடைசிப் பகுதியைப் பார்த்து, எந்தச் சர்வரிடம் விசாரிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

நாடுகளுக்கு இரண்டு எழுத்து கொடுத்தார்கள். இந்தியாவுக்கு ஐ, என் என்ற இரண்டு இங்கிலீஷ் எழுத்து. அது 1989-ம் ஆண்டு மே மாதம் 8-ந் தேதி பதிவாயிற்று. அந்தப் பதிவேட்டைக் காத்தவர் போஸ்டல்தான்.

எது நாடு, எது நாடு இல்லை என்று முடிவு செய்வது பெரிய சண்டை. போஸ்டல் அந்தச் சண்டையில் இறங்கவில்லை. சர்வதேசத் தர நிர்ணய சபை வெளியிட்ட பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். பெயரை நிர்வகிப்பவர் அதற்குச் சொந்தக்காரர் அல்ல. மக்களுக்காகப் பாதுகாக்கும் தர்மகர்த்தா மட்டுமே என்று 1994-ம் ஆண்டில் எழுதி வைத்தார்.

இந்தியாவில் 1986-ம் ஆண்டில் எர்நெட் என்ற கல்வி வலை தொடங்கியது. அதில் முதலில் சேர்ந்த நிலையங்களில் சென்னை கிண்டியில் உள்ள ஐ.ஐ.டி.யும் ஒன்று. 1995-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி, சுதந்திர தினத்தன்று, பொதுமக்களுக்கும் இன்டர்நெட் வசதி வந்தது. தொடங்கிய நகரங்களில் சென்னையும் இருந்தது.

பெருந்தன்மைக்கு வந்த சோதனை

போஸ்டல் ஒரு பொன்விதி வைத்திருந்தார். 1980-ம் ஆண்டில் அதை எழுதினார். நீ அனுப்பும்போது விதி பிசகாமல் அனுப்பு. பிறர் அனுப்புவதில் சிறு பிழை இருந்தால் பொறுத்து ஏற்றுக்கொள் என்பது அதன் சாரம். பிறருக்கு இளக்கம், தனக்குக் கண்டிப்பு.

இந்தப் பெருந்தன்மையால்தான் வலை வளர்ந்தது. வெவ்வேறு கம்பெனிகளின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடு ஒன்று பேச முடிந்தது.

ஆனால் ஊர் பெரிதானால் திருடனும் வருவான் அல்லவா? போஸ்டல் விதி எழுதிய காலத்தில் வலையில் இருந்தவர்கள் சில நூறு கம்ப்யூட்டர்கள்தான். ஒருவரை ஒருவர் நம்பினார்கள். நான் இன்னார் என்று ஒரு சர்வர் சொன்னால், மற்றது நம்பியது. யாருடைய கடிதமானாலும் வாங்கி அடுத்த ஊருக்கு அனுப்பி உதவியது.

விளம்பரக்காரர்களும் மோசடிக்காரர்களும் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். பொய்ப் பெயரில் லட்சக்கணக்கில் கடிதம் கொட்டினார்கள். 1997-ம் ஆண்டில் பால் விக்சி என்ற நிபுணர் கறுப்புப் பட்டியல் ஒன்றை நடத்தத் தொடங்கினார். குப்பை அனுப்பும் சர்வர்களின் எண்கள் அதில் இருக்கும். அந்த எண்ணில் இருந்து வரும் கடிதத்தைப் பல சர்வர்கள் வாசலிலேயே மறுத்தன.

எட்டுப் பேருக்கு ஒரு கடிதம்

இன்டர்நெட்டுக்கு நடுநாயகமான பெயர்ப் பட்டியலை வேர் சர்வர்கள் என்ற சில கம்ப்யூட்டர்கள் வைத்திருக்கின்றன. எல்லாம் ஒரு தலைமைச் சர்வரைப் பார்த்துப் பட்டியலை எழுதிக்கொள்ளும். தலைமைச் சர்வர் ஒரு தனியார் கம்பெனியிடம் இருந்தது. அமெரிக்க அரசு ஒப்பந்தம் கொடுத்திருந்தது.

1998-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி, வேர் சர்வர்களை நடத்துபவர்களில் எட்டுப் பேருக்குப் போஸ்டல் மின்னஞ்சல் அனுப்பினார். இனிமேல் பட்டியலைத் தம் நிலையத்தில் இருந்து எடுத்துக்கொள்ளும்படி கேட்டார்.

எட்டுப் பேரும் அப்படியே செய்தார்கள்! உத்தரவு போட அவருக்குப் பெரிய பதவி கிடையாது. போலீசும் கிடையாது. போஸ்டல் சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை ஒன்றுதான்.

வாஷிங்டனில் பரபரப்பு ஏற்பட்டது. பழையபடி மாற்றச் சொல்லி அரசாங்கம் வற்புறுத்தியது. இது ஒரு பரீட்சைதான் என்று போஸ்டல் விளக்கம் சொன்னார். எல்லாவற்றையும் பழையபடி மாற்றினார். வலைக்கு எந்தச் சேதமும் இல்லை.

அவர் செய்தது சரியா, தவறா என்று நிபுணர்கள் பிற்பாடு வாதம் செய்தார்கள். ஒன்று மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. உலகம் முழுவதும் நம்பியிருக்கும் ஒரு பதிவேடு, ஒரு தனி மனிதரின் நேர்மையை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஐகான் என்ற பொது நிறுவனம் அமைக்கப்பட்டது. அதை அமைக்கப் போஸ்டலும் பாடுபட்டார்.

மறைவு

ஐகான் தொடங்கி மூன்று வாரம் கூட ஆகவில்லை. போஸ்டலுக்கு இதய வால்வில் கோளாறு. லாஸ் ஏஞ்சல்சில் ஆபரேஷன் நடந்தது. அதில் இருந்து அவர் தேறவில்லை. 1998-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி காலமானார். அவருக்கு வயது 55.

இன்டர்நெட்டினால் கோடி கோடியாகச் சம்பாதித்தவர்கள் உண்டு. போஸ்டல் கம்பெனி தொடங்கவில்லை. ஆராய்ச்சி நிலையத்து உத்தியோகத்திலேயே இருந்தார். ஓய்வு கிடைத்தால் சியரா நெவாடா மலையில் ஏறி நடப்பார்.

அவர் திருத்தி வெளியிட்ட குறிப்பு வரிசையிலேயே அவருக்கு இரங்கல் குறிப்பும் வெளிவந்தது. எழுதியவர் பள்ளிக்கூட நண்பர் வின்ட் செர்ப். அதன் நம்பர் 2468. மறு ஆண்டு முதல், இன்டர்நெட்டுக்குத் தொண்டு செய்தவர்களுக்குப் போஸ்டல் பெயரில் விருது கொடுத்து வருகிறார்கள்.

பின்னால் வந்த காவல்கள்

போஸ்டல் எழுதிய மின்னஞ்சல் விதியை 2001-ம் ஆண்டிலும் 2008-ம் ஆண்டிலும் புதுப்பித்தார்கள். எலும்புக்கூடு அவருடையதுதான். ஆனால் காவல் கூடியிருக்கிறது.

அம்பத்தூர் பட்டறைக்கு 5.7 என்ற எண் வந்தால், இந்தக் காவலில்தான் கடிதம் மாட்டிக்கொண்டது என்று பொருள். காவல் மூன்று.

முதலாவது, எஸ்.பி.எப். எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப இந்த இந்தச் சர்வர்களுக்கே அனுமதி என்று ஒவ்வொரு நிறுவனமும் பகிரங்கப் பட்டியல் வைக்க வேண்டும். பட்டறைக்காரர் மெயில் கம்பெனியை மாற்றியிருப்பார். பட்டியலில் புது சர்வரைச் சேர்க்க மறந்திருப்பார். எதிர்ச் சர்வர் பட்டியலைப் பார்க்கும். பெயர் இல்லை. 550!

இரண்டாவது, டி.கே.ஐ.எம். இது அரக்கு முத்திரை போன்றது. வழியில் யாராவது கடிதத்தை மாற்றினால் முத்திரை உடைந்துவிடும்.

மூன்றாவது, டிமார்க். பட்டியலும் முத்திரையும் ஒத்து வராவிட்டால் கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று சொந்தக்காரரே எழுதி வைப்பது.

2024-ம் ஆண்டு பிப்ரவரி முதல், மொத்தமாகக் கடிதம் அனுப்புகிறவர்களுக்கு இந்த மூன்றும் இருக்க வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டன.

மூன்றும் சரியாக இருந்தும் கடிதம் திரும்பினால், சர்வரின் எண் கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே சர்வரைப் பல கம்பெனிகள் பயன்படுத்தும். ஒருவர் குப்பை அனுப்பினால் எல்லோருக்கும் கெட்ட பெயர்! மெயில் கம்பெனியிடம் சொல்லி எண்ணைப் பட்டியலில் இருந்து எடுக்கச் செய்ய வேண்டும்.

காவலுக்காகச் சில சர்வர்கள் பதிலே சொல்லாமல் கடிதத்தைக் குப்பைப் பெட்டிக்குள் தள்ளிவிடுகின்றன. அனுப்பியவர் போய்ச் சேர்ந்தது என்று நினைப்பார். பெறுபவரோ வரவே இல்லை என்பார். ஆர்டர் போய்விடும். வேலை போய்விடும். உறவும் முறிந்துவிடும். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லும் 550 இதைவிட எத்தனையோ மேல்!

போஸ்டல் காலத்து விதியில் தமிழ் எழுத்துக்கு இடம் இல்லை. இங்கிலீஷ் எழுத்து மட்டுமே போகும். பின்னால் வந்தவர்கள் அதையும் விரித்தார்கள். 2012-ம் ஆண்டு விதிப்படி தமிழிலேயே மின்னஞ்சல் விலாசம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு பக்கத்துச் சர்வரும் புது விதியைப் படித்திருக்க வேண்டும். படிக்காத சர்வர் தமிழ் விலாசத்தை ஏற்காது. கடிதம் திரும்பி வரும்.

அப்போதும் காரணம் எழுதி, மூன்று இலக்க எண்ணோடுதான் வரும். அந்த எண்ணைப் படித்தவர் பிழையைத் திருத்தி, கடிதத்தை மறுபடி அனுப்பலாம். ஏற்றுக்கொண்ட கடிதத்துக்கு நீயே பொறுப்பு, ஏற்க முடியாவிட்டால் சொல்லிவிடு என்ற ஜான் போஸ்டலின் விதி, ஆவடிக்கும் அமெரிக்காவுக்கும் ஒன்றாகவே இருக்கிறது.